பட்டம் தப்பினால் நட்டம்!

பட்டம் தப்பினால் நட்டம் என்பார்கள் உழவர்கள். சூளகிரிச் சந்தைக்குக் கொத்தமல்லிக் கட்டும் புதினாக் கட்டும் சுமந்து வரும் எந்தக் குடியானவரைக் கேட்டாலும் இதற்கு விளக்கம் சொல்லுவார். விதைக்க ஒரு காலம், அறுக்க ஒரு காலம், விற்க ஒரு காலம். ஆடியில் போட வேண்டிய விதையை ஐப்பசியில் போட்டால் மண் பொறுக்காது. விடியலில் விற்க வேண்டிய கட்டை மறுநாளைக்கு வைத்தால் விலை பொறுக்காது. காலம் தவறினால் உழைப்பு அத்தனையும் உரக்குழிக்குப் போகும்.

இந்த வட்டாரத்தில் இப்போது இன்னொரு பட்டமும் தப்பிக்கொண்டிருக்கிறது. அது பல்கலைக் கழகப் பட்டம்! அயல்நாட்டில் படிக்க இடம் கிடைக்கிறது. வங்கியில் கடன் கிடைக்கிறது. தாயின் வளையல் அடகுக் கடைக்குப் போகிறது. பிள்ளையின் பெட்டியும் தயாராகிறது. விசா மட்டும் வரவில்லை. செப்டம்பரில் அங்கே வகுப்பு தொடங்குகிறது. பிள்ளை இங்கே பேருந்து நிறுத்தத்தில் நிற்கிறான். மழை தவறினால் அடுத்த மழைக்குக் காத்திருக்கலாம். இருபத்திரண்டு வயது தவறினால் அடுத்த இருபத்திரண்டு எப்போது வரும்?

படிக்கப் போகிறவனுக்கு விசா வர ஏன் இத்தனை நாள்? அந்த நாளுக்கெல்லாம் யார் விலை கொடுக்கிறார்கள்? இதைத்தான் இன்று நம் தோழர்களோடு பேச விரும்புகிறோம். அலுவலகத் தாமதம்தானே என்று இதைத் தள்ளிவிட முடியாது. அந்தத் தாமதத்துக்குள்ளே ஓர் ஏற்பாடு இருக்கிறது. அந்த ஏற்பாட்டின் பாரம் வந்து இறங்குகிற இடம் உழைப்பவனின் தோள்!

யார் வீட்டுப் பிள்ளை?

“அயல்நாட்டுப் படிப்பா? அது சீமான் வீட்டுச் சேதி ஆயிற்றே! ஷிப்ட் வேலைக்குப் போகிறவனுக்கு அதில் என்ன?” என்று கேட்கும் தோழரும் இருப்பார். ஒரு காலத்தில் அந்தக் கேள்வி சரி. கப்பலேறிச் சென்று பாரிஸ்டர் பட்டத்தோடு இறங்கியவர்கள் எந்தத் தெருவிலிருந்து போனார்கள், எவர் உழுத நிலத்தின் குத்தகைப் பணத்தில் போனார்கள் என்பதை நாடறியும்.

இன்று நிலைமை வேறு. ஓசூரில் லாரி செய்கிறார்கள், மோட்டார் சைக்கிள் செய்கிறார்கள், கைக்கடிகாரம் செய்கிறார்கள். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் மின்சார ஸ்கூட்டரும் செய்கிறார்கள். ஓசூருக்கும் கிருஷ்ணகிரிக்கும் நடுவில், நெடுஞ்சாலையின் மேலேயே இருக்கிற சூளகிரிக்கும் சிப்காட் வந்துவிட்டது. தக்காளித் தோட்டத்தை ஒட்டித் தொழிற்சாலை மதில் எழுகிறது. அந்த மதிலுக்குள் நிரந்தரமாகவோ கான்டிராக்டிலோ வேலை பார்க்கிறவரின் மகன் பொறியியல் படித்திருக்கிறான். மகள் உயிர்வேதியியல் படித்திருக்கிறாள். அப்பா திருகுகிற போல்ட்டை வடிவமைக்கிற மேசைக்கு நாம் போக வேண்டும் என்று அந்தப் பிள்ளை நினைக்கிறது. அது பேராசையா? இந்த நினைப்பு வர வேண்டும் என்பதற்காகத்தானே ஊர்தோறும் பள்ளிக்கூடம் கேட்டோம்! பசித்த வயிற்றோடு எழுத்து ஏறாது என்று மதிய உணவு கேட்டோம்!

2023-24 கல்வியாண்டில் அமெரிக்காவில் மட்டும் 3,31,602 இந்திய மாணவர்கள் இருந்தனர். அயல்நாடுகளிலிருந்து அங்கே சென்று படிப்போரில் முதலிடம் இந்தியாவுக்கு. இந்த மூன்றே கால் லட்சம் பேரும் சீமான் வீட்டுப் பிள்ளைகள்தாம் என்றால், சீமான்கள் நிறைந்த திருநாடு என்றல்லவா இந்தியாவுக்குப் பெயர் வைக்க வேண்டும்! காணி விற்றவர், கடன் பட்டவர், ஓவர்டைம் பார்த்தே உடம்பு தேய்ந்தவர் பெற்ற பிள்ளைகளும் அந்தக் கணக்கில் இருக்கிறார்கள்.

காலம் காட்டும் கடிகாரத்தைச் செய்து உலகுக்கு அனுப்புகிறான் ஓசூர்த் தொழிலாளி. அவன் பெற்ற பிள்ளைக்குத் தன் காலம் எப்போது என்று சொல்ல ஆளில்லை!

எந்த நாளிலிருந்து எண்ணுகிறார்கள்?

“எங்கள் நாட்டு மாணவர் விசாவுக்கு மூன்றே வாரம்” என்கிறது பிரிட்டன். பொய் என்று நாம் கூறமாட்டோம். ஆனால் அந்த மூன்று வாரத்தை எங்கிருந்து எண்ணத் தொடங்குகிறார்கள்? விண்ணப்பம் போட்டு, கைரேகை கொடுத்து, தாள்களை ஒப்படைத்த பிறகு!

ரேஷன் கடையில் இரண்டு மணி நேரம் வெயிலில் நிற்கிறோம். தராசின் முன் வந்ததும் இரண்டு நிமிடத்தில் அரிசி விழுகிறது. “எங்கள் கடையில் இரண்டே நிமிடம்” என்று கடைக்காரர் பலகை எழுதி மாட்டினால் நாம் சிரிக்க மாட்டோமா? தூதரகங்களின் பலகையும் அந்த இனந்தான். வரிசை நீளம் அவர்கள் கணக்கில் வராது. தராசின் முன் நின்ற நேரந்தான் வரும்.

வரிசையின் நீளத்தை நாமே அளந்து பார்ப்போம். பிரிட்டனுக்குப் போகிறவன் முதலில் பல்கலைக் கழகத்தின் ஏற்புச் சான்று பெற வேண்டும். காசநோய் இல்லை என்று சோதனை செய்து சான்று வாங்க வேண்டும். சொந்தப் பணத்தைக் காட்டுகிறவனானால், அந்தப் பணம் தொடர்ந்து 28 நாள் வங்கிக் கணக்கில் அசையாமல் கிடக்க வேண்டும். இடையில் ஒரு நாள் குறைந்தாலும் மீண்டும் முதலிலிருந்து எண்ணிக்கை. இந்த நாள்கள் எதுவும் “மூன்று வார”த்தில் சேராது.

ஜெர்மனிக்குப் போவோம். அங்கே பெரும்பாலான அரசுப் பல்கலைக் கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை. அதனால்தான் தொழிலாளி வீட்டுப் பிள்ளையின் கண் அந்தத் திசையில் போகிறது. ஆனால் 2022 நவம்பரிலிருந்து, இந்திய மாணவர் முதலில் ஏ.பி.எஸ். என்னும் அமைப்பிடம் தம் சான்றிதழ்கள் மெய்யானவை என்று சான்று பெற வேண்டும். அதற்குக் கட்டணம் 18,000 ரூபாய். பிறகு பல்கலைக் கழக அனுமதி. பிறகு ஓராண்டுச் செலவுக்கான பணத்தை முடக்கக் கணக்கில் போட வேண்டும்; 2024 செப்டம்பரிலிருந்து அந்தத் தொகை 11,904 யூரோ. நம் பணத்தில் பத்து லட்சத்துக்கு மேல்! இத்தனைக்கும் பிறகுதான் விண்ணப்பம் தூதரக மேசைக்குப் போகும்.

அமெரிக்காவுக்கோ, பல்கலைக் கழகத்திடமிருந்து ஐ-20 தாள் வர வேண்டும். மாணவர் பதிவுக்கு 350 டாலர் கட்ட வேண்டும். விசா விண்ணப்பத்துக்கு 185 டாலர் கட்ட வேண்டும். அதன் பிறகு நேர்காணலுக்கு நாள் கிடைக்க வேண்டும். சென்னை அண்ணா மேம்பாலத்தருகே இருக்கும் துணைத் தூதரகத்தில் அந்த நேர்காணல் பெரும்பாலும் சில நிமிடங்களில் முடிந்துவிடும். சில நிமிடத்துக்காகப் பல வாரம்! அதிலும் “உங்கள் விண்ணப்பம் கூடுதல் பரிசீலனையில் இருக்கிறது” என்று ஒரு சீட்டைக் கொடுத்துவிட்டால், அதற்கு நாள் கணக்கே கிடையாது. ஒரு வாரமும் ஆகலாம். ஒரு பருவமும் போகலாம். விசா மறுக்கப்பட்டால் விண்ணப்பக் கட்டணம் திரும்பி வராது.

நாள் ஒன்றுக்கு 333 ரூபாய்

காத்திருப்பது இலவசம் என்று நினைப்பவர்கள் உண்டு. காத்திருக்க முடிந்தவனுக்கு அது இலவசந்தான்.

கணக்குக்காக ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். அந்தக் குடும்பம் பத்து லட்சம் கடன் வாங்கி முடக்கக் கணக்கில் போட்டுவிட்டது. ஆண்டுக்கு நூற்றுக்குப் பன்னிரண்டு வட்டி என்று வைத்துக்கொண்டால், மாதத்துக்குப் பத்தாயிரம் ரூபாய். நாள் ஒன்றுக்கு 333 ரூபாய்! மூன்று மாதம் விசா இழுத்தால் முப்பதாயிரம். பிள்ளை விமானமேறவில்லை, ஒரு பாடம் படிக்கவில்லை, ஒரு வேலைக்கும் போகவில்லை. வட்டி மட்டும் தூங்காமல் உழைக்கிறது.

இதோடு முடிந்ததா? “எப்போது விசா வருமோ, எப்போது கிளம்ப வேண்டுமோ” என்று பிள்ளை உள்ளூரில் கிடைத்த வேலையையும் ஏற்காமல் இருக்கிறது. மாதச் சம்பளம் போயிற்று. பருவம் தப்பிவிட்டால் இடத்தை அடுத்த பருவத்துக்குத் தள்ளிவைக்கச் சம்மதிக்கும் பல்கலைக் கழகமும் உண்டு; மீண்டும் விண்ணப்பி என்று கைவிரிக்கும் பல்கலைக் கழகமும் உண்டு. தகப்பனின் முகத்தில் இரவு ஷிப்டின் களைப்போடு இந்தக் கவலையும் சேர்கிறது.

சீமான் வீட்டுப் பிள்ளைக்கும் அதே மூன்று மாதந்தான். ஆனால் அவன் அப்பன் வீட்டுப் பணம் வட்டி கட்டுவதில்லை, வட்டி வாங்குகிறது! ஒரே காத்திருப்பு, ஒருவனுக்கு அது ஓய்வு, இன்னொருவனுக்கு அது அபராதம்.

காலமும் சரக்காயிற்று

சரி, விரைவாகக் கிடைக்க வழியே இல்லையா? இருக்கிறது. காசு இருந்தால் இருக்கிறது!

பிரிட்டன் விசாவுக்கு மூன்று வாரம் காத்திருக்க முடியாதென்றால் 500 பவுண்டு கூடுதலாகக் கட்டினால் ஐந்து வேலை நாளில் முடிவு. 1,000 பவுண்டு கட்டினால் அடுத்த வேலை நாளிலேயே முடிவு. இது கள்ளச் சந்தை விலையா? இல்லை, அரசாங்கமே அச்சிட்டு அறிவித்த 2025ஆம் ஆண்டு விலை! நம் பணத்தில் முதலாவது ஐம்பதாயிரத்துக்கு மேல். இரண்டாவது ஒரு லட்சத்துக்கு மேல். அப்படியானால் நாம் கேட்கிறோம்: அடுத்த நாளே பார்த்து முடிவு சொல்லக்கூடிய ஒரு விண்ணப்பத்துக்கு ஏழையிடம் மட்டும் ஏன் மூன்று வாரம்? ஒரே தாள்கள், ஒரே சோதனை. நடுவில் இருப்பது ஆயிரம் பவுண்டு!

கனடாவும் இப்படியொரு விரைவுப் பாதை வைத்திருந்தது. 2018இல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் பெரும்பாலான விண்ணப்பங்களுக்கு 20 நாளில் விடை. யாருக்கு? முதலாண்டுக் கட்டணம் முழுவதையும் முன்கூட்டியே கட்டியவருக்கு. அதற்குமேல் வாழ்க்கைச் செலவுக்கென 10,000 டாலரைக் கனடா வங்கியில் போட்டு வைத்தவருக்கு. 2024 ஜனவரியில் அந்த வைப்புத் தொகை 20,635 டாலராக ஏறிற்று. 2024 நவம்பர் 8ஆம் நாள் அந்தப் பாதையையே மூடிவிட்டார்கள். பணம் உள்ளவனுக்குத் திறந்த பாதை. பணத்தையெல்லாம் திரட்டிக்கொண்டு நம் ஆள் வாயிலுக்கு வந்தபோது அதுவும் அடைபட்ட பாதை!

சட்டம் போடாமல் அடைத்த கதவு

இதைவிட நுட்பமான வேலையை ஆஸ்திரேலியாவில் பார்க்கிறோம். அயல்நாட்டு மாணவர் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு கட்ட 2024இல் அந்நாட்டு அரசு மசோதா கொண்டுவந்தது. நாடாளுமன்றத்தில் எதிர்ப்பு, மசோதா நிறைவேறவில்லை. அரசு சும்மா இருந்ததா? 2024 டிசம்பர் 19 முதல் விசா அதிகாரிகளுக்கு ஒரு கட்டளை போட்டது. ஒரு பல்கலைக் கழகம் தனக்குக் குறித்த எண்ணிக்கையில் 80 விழுக்காட்டைத் தொட்டதும், அதன்பின் வரும் விண்ணப்பங்களை மெதுவான வரிசைக்கு மாற்று என்றது அந்தக் கட்டளை!

எத்துணை எளிய சூழ்ச்சி! மறுத்தால் கேள்வி வரும். தடுத்தால் சட்டம் வேண்டும். மெதுவாக்கினால்? கேள்வியும் இல்லை, சட்டமும் வேண்டாம். கதவு திறந்தேதான் இருக்கிறது. கதவை அடைகிற வழிதான் நத்தை வேகத்தில் நகர்கிறது. நாடாளுமன்றம் தர மறுத்த அதிகாரத்தை நாட்காட்டி தந்துவிட்டது! அதே நாட்டில் மாணவர் விசாக் கட்டணம் 2024 ஜூலையில் 710 டாலரிலிருந்து 1,600 டாலராயிற்று. 2025 ஜூலையில் 2,000 டாலராயிற்று. விலை ஏறிற்று, வேகம் ஏறவில்லை.

அமெரிக்காவோ ஒளிவுமறைவின்றியே செய்தது. 2025 மே 27ஆம் நாள், மாணவர் விசாவுக்குப் புதிய நேர்காணல் நாள் எதுவும் ஒதுக்காதீர் என்று உலகெங்கும் உள்ள தன் தூதரகங்களுக்கு ஆணையிட்டது. ஜூன் 18ஆம் நாள் மீண்டும் தொடங்கச் சொன்னது. கூடவே, மாணவர் தம் சமூக ஊடகப் பக்கங்களை எவரும் பார்க்கும்படி திறந்து வைக்க வேண்டும் என்று நிபந்தனையும் போட்டது. இடையில் மூன்று வாரந்தானே என்பார்கள். எந்த மூன்று வாரம்? ஆகஸ்டில் வகுப்புக்குப் போகிறவன் நேர்காணலுக்கு நாள் தேடி இரவெல்லாம் கணினி முன் விழித்திருக்கிற மூன்று வாரம்! ஆடியில் மதகை மூடிவிட்டு, “மூன்று வாரந்தானே மூடினோம்” என்றால் உழவன் ஒப்புவானா? அவ்வாண்டு ஆகஸ்டில் இந்திய மாணவருக்கு அமெரிக்கா வழங்கிய விசா, முந்திய ஆண்டு ஆகஸ்டைவிட நூற்றுக்கு 44 பங்குக்கு மேல் குறைந்தது.

அரசுகள் மோதிக்கொண்டால் அந்த அடியும் மாணவர் முதுகில்தான் விழுகிறது. 2023இல் இந்தியாவும் கனடாவும் சச்சரவிட்டன. அக்டோபரில் கனடாவின் தூதுவர்கள் 41 பேர் இந்தியாவை விட்டு வெளியேறினர். பெங்களூரு, மும்பை, சண்டிகர் துணைத் தூதரகங்களில் நேரில் வருவோருக்கான பணி நின்றது. இந்தியாவில் இருந்த கனடாக் குடியேற்றத் துறை ஊழியர் 27 பேர் 5 பேராயினர். சண்டை டெல்லிக்கும் ஒட்டாவாவுக்கும். காத்திருப்பு மட்டும் ஓசூருக்கும் சூளகிரிக்கும்!

ஒருவர் போனார், ஒரு சமுதாயம் நிமிர்ந்தது

ஒரு மாணவனின் பயணத்தில் என்ன பெரிதாக இருக்கிறது என்று கேட்போருக்கு வரலாறு விடை வைத்திருக்கிறது. 1913இல் பரோடா மன்னரின் உதவித்தொகையோடு ஓர் இளைஞர் நியூயார்க் நகரத்துக் கொலம்பியாப் பல்கலைக் கழகத்தில் சேர்ந்தார். தீண்டாதவர் என்று வகுப்பறையில் ஒதுக்கி உட்கார வைக்கப்பட்டவர் அவர். 1916இல் லண்டனுக்குப் போனார். உதவித்தொகையின் காலம் முடிந்ததால் 1917இல் படிப்பைப் பாதியில் விட்டுத் திரும்ப நேர்ந்தது. நான்காண்டுக்குள் திரும்பி வந்து தொடரலாம் என்று லண்டன் பல்கலைக் கழகம் அனுமதி கொடுத்தது. பணம் சேர்த்து 1920இல் மீண்டும் போனார், முடித்தார். அவர்தாம் அண்ணல் அம்பேத்கர்!

எண்ணிப் பாருங்கள், தோழர்களே! அந்த நான்காண்டு அவகாசம் கிடைத்திராவிட்டால்? “பருவம் முடிந்தது, இடம் போயிற்று” என்று ஒரு குமாஸ்தா முத்திரை குத்தியிருந்தால்?

அம்பேத்கர் அமெரிக்காவுக்குப் போன நாளில் விசா என்பது உலகில் பொது வழக்கமாகவே இல்லை. முதல் உலகப் போர் வந்தது. ஒற்றர் பயம் வந்தது. கடவுச்சீட்டும் விசாவும் வந்தன. போர் போயிற்று, அவை போகவில்லை. பிரிட்டனுக்குள் இந்தியர் நுழைய 1962 வரை கட்டுப்பாடே இல்லை. விசா கட்டாயமானது 1986இல்தான். ஆக, இந்தச் சுவர்கள் மலைபோல் என்றும் இருந்தவை அல்ல. மனிதர் கட்டியவை, மனிதர் நினைத்தால் மாற்றக் கூடியவை.

சோதிக்க வேண்டாமா?

“தன் நாட்டுக்குள் யார் வருகிறார் என்று பார்க்க ஒரு நாட்டுக்கு உரிமை இல்லையா?” என்பார்கள். உண்டு. மறுக்கவில்லை. “போலித் தாள்களோடு போகிறவர் இல்லையா?” என்பார்கள். அதுவும் உண்டு. 2023இல் கனடாவில் இந்திய மாணவர் பலர் கையில் போலிச் சேர்க்கைக் கடிதம் இருந்தது வெளிப்பட்டது. ஏமாற்றியவன் முகவன், நாடு கடத்தும் ஆணைக்கு அஞ்சித் தெருவில் நின்றது மாணவன். அதன்பின் 2023 டிசம்பர் முதல் ஒவ்வொரு சேர்க்கைக் கடிதத்தையும் கல்லூரியிடமே கேட்டு உறுதி செய்வது என்று கனடா விதித்தது. அது நியாயமான சோதனை. அதற்குப் பத்து நாள் கூடுதலாகும் என்றால் ஆகட்டும்.

நாம் கேட்பது வேறு. சோதனைக்கு ஆகிற நாளைச் சொல்லிவிட்டுச் சோதியுங்கள். சொன்ன நாளில் முடியுங்கள். முடியாவிட்டால் கட்டணத்தைத் திருப்பிக் கொடுங்கள். மறுப்பதானால் காரணத்தைச் சொல்லி மறுங்கள். முறையீட்டுக்கு வழி வையுங்கள். ஜெர்மனியில் மறுக்கப்பட்டவர் கட்டணமின்றி அந்தத் தூதரகத்திடமே மறுபரிசீலனை கேட்கும் வழி இருந்தது. 2025 ஜூலை 1 முதல் அதையும் நீக்கிவிட்டார்கள். இனி மீண்டும் விண்ணப்பிக்கலாம், அல்லது பெர்லின் நீதிமன்றத்துக்குப் போகலாம். சூளகிரியிலிருந்து பெர்லினுக்கு வழக்காடப் போக வேண்டுமாம்! விசாவே கிடைக்காதவன் எப்படிப் போவான் என்பதை யாரும் கேட்கவில்லை.

நம் வீட்டு வாசலிலும்

அயலானை மட்டும் குற்றம் சொல்லிவிட்டுக் கை கழுவ நாம் தயாரில்லை. நம் வீட்டு வாசலிலும் தடைக்கல் கிடக்கிறது.

தாழ்த்தப்பட்டோர், நிலமற்ற உழவுத் தொழிலாளர், கைவினைஞர் வீட்டுப் பிள்ளைகள் அயல்நாட்டில் படிக்க ஒன்றிய அரசு தேசிய உதவித்தொகை ஒன்று வைத்திருக்கிறது. நாடு முழுமைக்கும் ஆண்டுக்கு 125 இடம். அதுவே யானைப் பசிக்குச் சோளப்பொரி! 2025இல் 106 பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். ஜூலையில் அவர்களில் 40 பேருக்கு மட்டும் கடிதம் கொடுத்துவிட்டு, எஞ்சிய 66 பேருக்கு “நிதி இருந்தால் தருவோம்” என்றார்கள். ஜூலை எந்த மாதம்? பணச் சான்று இல்லாமல் விசாவுக்கு விண்ணப்பிக்க முடியாத மாணவன், செப்டம்பர் வகுப்புக்கு விண்ணப்பித்தே தீர வேண்டிய மாதம்! வெளிநாட்டுத் தூதரகம் எண்ணத் தொடங்குவதற்கு முன்பே டெல்லியில் நாள் கரைந்துவிடுகிறது.

இன்னொன்று, இந்த எல்லைப்புறத்துக்கே உரியது. சூளகிரியிலிருந்து பெங்களூரு ஏறத்தாழ 65 கிலோமீட்டர். சென்னை அதைப்போல் நான்கு மடங்குக்கு மேல். காலையில் பெங்களூருக்கு வேலைக்குப் போய் இரவு வீடு திரும்புவோர் நம் பக்கத்தில் ஏராளம். ஆனால் ஜெர்மனி தன் துணைத் தூதரகங்களை மாநில எல்லை பார்த்துப் பிரித்திருக்கிறது: பெங்களூருக்குக் கர்நாடகமும் கேரளமும், சென்னைக்குத் தமிழ்நாடும் புதுச்சேரியும் ஆந்திரமும் தெலங்கானாவும். ஆகவே அத்திப்பள்ளிக்கு இந்தப் பக்கம் இருப்பவனுக்குச் சென்னை! அமெரிக்கா 2025 ஜனவரியில் பெங்களூருவில் துணைத் தூதரகம் திறந்தது, விழா நடந்தது, விசா வழங்கும் பணி மட்டும் அப்போது அங்கே தொடங்கவில்லை. தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தெருவில் பேசி வாழ்கிற நம் மக்களுக்கு, மாநில எல்லை ஒரு நாள் சம்பளத்தையும் ஓர் இரவுத் தூக்கத்தையும் தின்கிற எல்லையாகிவிடுகிறது.

என்ன கேட்கிறோம்? என்ன செய்வோம்?

கேட்பது இவை. ஒன்று: அயலகக் கல்வி உதவித்தொகையின் முடிவுகளும் பணமும் மார்ச்சுக்குள் மாணவர் கைக்கு வர வேண்டும். இரண்டு: மாணவர் விசாவுக்கு நாள் வரையறை வேண்டும் என்பதை, வாணிப ஒப்பந்தம் பேசப் போகும் ஒவ்வொரு மேசையிலும் ஒன்றிய அரசு எழுப்ப வேண்டும். நம் சந்தையைக் கேட்டு வருகிறவர்களிடம் நம் பிள்ளைக்கு ஒரு தேதியைக் கேட்பது தவறா? மூன்று: ஓசூரிலோ கிருஷ்ணகிரியிலோ அரசு வழிகாட்டு மையம் ஒன்று வேண்டும், தாள் சரிபார்க்க, கணக்குச் சொல்ல, காசு வாங்காத மையம். நான்கு: படிப்புக்கு ஆள் அனுப்பும் முகவருக்குக் கடிவாளம் வேண்டும். வேலைக்கு ஆள் அனுப்புகிறவர் 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்தின்படி பதிவு செய்தாக வேண்டும். படிப்புக்கு அனுப்புகிறவருக்கு அந்தச் சட்டத்தில் அந்தக் கட்டாயம் இல்லை.

கேட்டது கிடைக்கும் வரை கைகட்டி நிற்க வேண்டியதில்லை. கிளைதோறும் நமக்குப் படிப்பகம் இருக்கிறது. மாலையில் நாளிதழ் படிக்கும் அந்தச் சுவரில் ஒரு நாட்காட்டியை ஒட்டுங்கள். அதில் எழுத வேண்டியவை இவை:

வகுப்பு தொடங்க ஓராண்டு முன்பே கடவுச்சீட்டும் மொழித் தேர்வும் முடிய வேண்டும். ஜெர்மனி என்றால் ஏ.பி.எஸ். சான்று எல்லாவற்றுக்கும் முதலில். பிரிட்டனுக்கு வகுப்பு தொடங்க ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். அமெரிக்க மாணவர் விசாவை 365 நாள் முன்பே வழங்கலாம், நாட்டுக்குள் நுழைவதுதான் 30 நாள் முன்பிருந்து. ஆகவே ஜூன் வரட்டும் என்று இராதே. இடம் கிடைத்த வாரத்திலேயே நாள் தேடு. விசா வராவிட்டால் இடத்தை அடுத்த பருவத்துக்குத் தள்ளிவைப்பீர்களா, கட்டிய பணம் திரும்புமா என்று பல்கலைக் கழகத்திடம் எழுத்தில் கேட்டு வாங்கு. அதற்குப் பிறகு முன்பணம் கட்டு. “உள்ளே ஆள் இருக்கிறது, விசாவைச் சீக்கிரம் வாங்கித் தருகிறேன்” என்பவனை வாசலோடு அனுப்பு. முடிவு எழுதும் பேனா அவன் கையில் இல்லை.

இதை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வதற்கு அரசாணை வேண்டாம், அயலான் அனுமதி வேண்டாம். முதல் தலைமுறையாகப் படிக்கிற பிள்ளைக்கு அறிவு குறைவில்லை, உழைப்பு குறைவில்லை. எந்த வாசலில் எந்த நாளில் நிற்க வேண்டும் என்று சொல்ல வீட்டில் ஆளில்லாததுதான் குறை. சீமான் வீட்டில் அதைச் சொல்ல மாமா இருக்கிறார், மருமகன் லண்டனில் இருக்கிறான். நம் பிள்ளைக்கு யார் இருக்கிறார்கள்?

நாம் இருக்கிறோம்! அந்தச் சுவரில் நாட்காட்டி ஏறட்டும். அடுத்த செப்டம்பர் வகுப்புக்கான கணக்கை இந்த வாரமே எண்ணத் தொடங்குவோம்!